தக்காளி தங்குமா

கதவு. சொல்லிவிட்டேன். எழுத்து திரையில் விழுந்த மூச்சிலேயே வாய்க்கு வந்துவிட்டது, தடையில்லை, நல்லது. பயம். அதையும் சொன்னேன், துளி பயமில்லாமல், பஸ்ஸில் ஊர்ப்பேரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிற மாதிரி. குடை. சரி. துயரம். சரி. இன்னும் வரவில்லை அது, எப்போது வரும் என்றும் தெரியாது, நேற்றைய வரிசையை இன்று கலைத்துப் போட்டுவிட்டாள் ஹெப்சிபா, கலைத்துத்தான் போடவேண்டுமாம், எது எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் மூளை படிக்காது, ஒப்பிக்கும் என்றாள். மேசை. தலையில் இறுக்கமாக ஒரு ரப்பர் தொப்பி, தொப்பி முழுக்கப் பொத்தான் பொத்தானாக ஒயர்கள், ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஜில்லென்று பசை, அதில் ஒரு சொட்டு இடது காதுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது, துடைக்கக் கூடாது, அசைந்தால் கணினியில் ஓடுகிற என் மூளைக் கோடுகள் கிறுக்கலாகிவிடும். வரும் வியாழக்கிழமை டாக்டர் நல்லசிவம் என் மண்டையின் இடது பக்கத்தைத் திறப்பார். திறந்து வைத்துக்கொண்டே என்னை எழுப்புவார்கள். வலிக்காதாம், ஊரிலிருக்கிற எல்லா வலியையும் கண்டுபிடிக்கிற மூளைக்குத் தன் வலி தெரியாதாம். நான் விழித்துக்கொண்டு இதே சொற்களை இதே மாதிரி பார்த்து வாசிக்க வேண்டும், அவர் ஒரு சின்னக் கம்பியால் இங்கே தொடுவார், அங்கே தொடுவார், லேசான மின்சாரம், தொட்ட இடத்தில் என் வாய் நின்றுபோனால் அங்கே கத்தி படக்கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டை வைப்பார், நிற்காத இடத்தில் வெட்டலாம். சீப்பு. அதற்குத்தான் இந்த ஒத்திகை. தொடாமலேயே தடுமாறுகிற சொல்லை அங்கே கொண்டுபோக முடியாது, நின்றது மின்சாரத்தாலா, நானாகவே நின்றேனா என்று அவருக்குத் தெரியாமல் போகும், அதனால் இங்கே தடுமாறிய சொல் லிஸ்ட்டுக்கு வெளியே. நேற்று ஒரே ஒரு சொல்லில் நின்றேன். தக்காளி.

வெட்கம். சரி. "எக்கா, வெறுப்பு பாஸு, பிரிவு பாஸு, சள்ளை பிடிச்ச வார்த்தை அம்புட்டும் பாஸு, போயும் போயும் தக்காளியில முட்டிக்கிட்டு நிக்கியளே" என்றாள் நேற்று ஹெப்சிபா. மார்த்தாண்டத்துப் பெண், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், பேசும்போது நம்மையும் சேர்த்து ஆட்டிவைக்கிற குரல், இதையே ஆராய்ச்சியாகவும் செய்துகொண்டிருக்கிறாள். எடுக்காதே என்றேன். "ஒரு காய்தானே, கத்தரிக்காயப் போட்டுக்கிடுவோம்" என்றாள். நான் கெஞ்சினேன், நாற்பத்தெட்டு வயசில் ஒரு காய்கறிக்காக ஒருத்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன், லிஸ்ட்டில் இல்லாததை டாக்டர் தேடமாட்டார், தேடாததை எப்படிக் காப்பாற்றுவார் என்றேன். "அப்படியெல்லாம் இல்லக்கா, ஒரு வார்த்தைக்கு ஒரு பொந்துன்னு மூளையில கிடையாது, எல்லாம் வல மாதிரி பரந்து கிடக்கு" என்று கையை விரித்துக் காட்டினாள். அவள் சொல்வது அறிவியல், நான் நம்புகிறேன், நம்பிக்கொண்டே நம்பவில்லை, கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் தட்டாமல் போன வீட்டை இடிக்கமாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும். கடைசியில் இரங்கினாள். "நாளைக்கு இன்னும் ஒருக்கதான். அதுலயும் நின்னா நான் எடுத்திருவேன், பொறவு என்னை ஏசப்பிடாது, கேட்டியளா." கேட்டேன். அதுதான் இன்று. அதுதான் இந்தச் சுற்று. ஊசி. சரி. நெஞ்சு திருவிழாக் கடையில் நிற்கிற குழந்தை மாதிரி எம்பி எம்பிப் பார்க்கிறது, அடுத்ததா, இதற்கடுத்ததா, பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு என்ன இத்தனை குதூகலம் என்று தெரியவில்லை.

அவள் சொன்ன விஷயம்தான் காரணமாக இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். படிக்கும்போது எல்லாச் சொல்லும் ஒரே வாசலில் நுழைவதில்லையாம். ஏணி, சீப்பு, மேசை, இவையெல்லாம் கூடவே ஒரு படத்தைக் கூட்டிக்கொண்டு வரும், சீப்பு என்று படித்தால் பார்க்கிற இடமும் பிடிக்கிற இடமும் மூளைக்குள் லேசாகப் புரண்டு படுக்கும். பயம், துயரம் மாதிரிச் சொற்களுக்கு அப்படிப் படம் கிடையாது, ஆனால் அவை முந்திக்கொள்ளும், படித்தோம் என்று நமக்கே தெரிவதற்குள் உள்ளே ஒரு திடுக்கிடல் நடந்து முடிந்திருக்கும். அழகாக இருந்தது கேட்க. பிறகு தன் மடிக்கணினியைத் திருப்பி என் கோடுகளைக் காட்டினாள். "இங்க பாருங்க, பயத்துக்கு உங்க கோடு படுத்துத் தூங்குது. துயரத்துக்குக் கொட்டாவி விடுது. தக்காளிக்கு மட்டும் எடுத்துச் சாடுது. ஒருக்க பாத்தத வச்சு ஒண்ணும் சொல்லப்பிடாது, ஆனாலும் என் ஆராய்ச்சிக்கு நீங்க பெரிய ஆப்புக்கா." வெறுப்பு. சரி. எப்படித் திடுக்கிடும்? எங்கள் வீட்டில் யாரும் பயம் என்று சொன்னதில்லை. அம்மாவுக்குப் பயம் வந்தால் வயித்தைக் கலக்குது என்பாள். அப்பாவுக்குத் துக்கம் என்றால் நெஞ்சை அடைக்குது. பக்கத்து வீட்டார் கார் வாங்கினால் வயிறு எரியும், நான் மார்க் வாங்கினால் உச்சி குளுந்துருச்சு என்று அம்மா தலையைத் தொட்டுக்கொள்வாள். எல்லாமே உடம்புக்குள் ஏதாவது ஒரு இடத்தில் நடந்தது. துயரமும் மகிழ்ச்சியும் வெறுப்பும் பள்ளிக்கூடத்தில்தான் அறிமுகம், கட்டுரையில் எழுதி மார்க் வாங்கினோம், மணி அடித்ததும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். என் கோடு தூங்கத்தான் செய்யும்.

சாவி. சரி. காலையில் ஆங்கிலச் சுற்று நடந்தது, ஒன்றிலும் நிற்கவில்லை, விமான நிலையத்துப் பலகைகளைப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டே போனேன், அதில் டொமேட்டோவும் வந்தது, வந்தது, போனது, அதே பழம், அதே சிவப்பு, அந்தப் பேருக்கு உள்ளே ஒருத்தரும் எழுந்து பார்க்கவில்லை. எட்டாவது வரைக்கும் தமிழில் படித்து ஒன்பதாவதில் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டவள் நான், கல்யாணமாகி கிளாஸ்கோ போய் இருபது வருஷத்துக்குமேல் அந்த மொழியில்தான் வேலை பார்த்தேன், பஸ் பிடித்தேன், வரி கட்டினேன். மகன் நிமலனுக்கு இரண்டு வயசு தாண்டியும் வாயில் ஒரு சொல்லும் வராதபோது அங்கே ஒரு கிளினிக்கில் ஒரு அம்மாள், ரொம்ப நல்லவள், பையனுக்கு எதிரே ஒரே மொழியில் பேசிப்பாருங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது என்றாள். நாங்கள் ஒழுங்கான பிள்ளைகளில்லையா, படிக்கட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டோம். நானும் என் வீட்டுக்காரரும், சென்னிமலை சென்னியப்பனும் ஒண்டிப்புதூர் சாருமதியும், கிளாஸ்கோவில் ஒரு சமையலறையில் நின்றுகொண்டு ஒருத்தருக்கொருத்தர் ஆங்கிலத்தில் உப்புப் பற்றாது என்று சொல்லிக்கொண்டோம். ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் எங்களுக்குள் சண்டையே இல்லை, பொறுமையினால் இல்லை, எங்களுக்கு அதில் திட்டத் தெரியாது. திட்டினால் ஆபீஸ் மெயில் மாதிரி இருக்கும். ஒருநாள் அவர் தாங்கமாட்டாமல் குளியலறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்திக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, "ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்குதா?" என்று தமிழில் கத்தினார், நான் "உங்கம்மாகிட்டப் போய்க் கேளுங்க அறிவைப் பத்தி" என்று கத்தினேன், தண்ணீர் கொட்டுகிறது, இரண்டுபேருக்கும் முகம் சிவந்து கண் நிறைந்து, அப்புறம் என்ன விஷயத்துக்குச் சண்டை என்பதே மறந்துபோய் ஈரச்சுவரில் சாய்ந்து சிரித்தோம். அறிவு என்பது எந்த வகைச் சொல் ஹெப்சிபா? அதற்கு உன் கோடு என்ன சொல்லும்?

"எக்கா, சிரிக்கப்பிடாது, கோடு ஆடுது." சிரிக்கவில்லை, சரி, அசையவில்லை. பிரிவு. சரி. ஓடு. சரி. அவர் இப்போது கதவுக்கு வெளியே நடையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு. காலையில் தோசைக்குத் தக்காளிச் சட்னி அரைத்து வைத்திருந்தார், "பழகிக்கோ புள்ள" என்று தட்டைத் தள்ளினார், நான் ஒரு வாய்க்கு ஒருதரம் தக்காளி, தக்காளி என்று சொல்லிச் சாப்பிட்டேன், தொட்டதும் சுடாத அளவுக்கு அந்தச் சொல்லை ஆற வைத்துவிடலாம் என்று பார்த்தேன், செடி, காம்பு, விதை, தோல், அவ்வளவுதான், வேறொன்றுமில்லை என்று. ஆறுமா அது? அந்தக் கடை, அந்தச் சனிக்கிழமை, தள்ளுவண்டியின் முன்னால் குழந்தைக்கான இருக்கையில் நிமலன், மூன்றரை வயசு, வண்டி பழப்பக்கம் திரும்புகிறது, தக்காளி கோபுரமாக அடுக்கியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் விளக்கு மின்னுகிறது, அவன் எட்டி ஒன்றின்மேல் விரலை வைத்தான், வைத்து, எங்கள் யாரையும் பார்க்காமல், அதையே பார்த்து, ரொம்ப நாளாகத் தெரிந்த ஆளை ஊர்க்கோடியில் பார்த்து விசாரிக்கிற மாதிரி, தக்காளி என்றான். ளகரம் அத்தனை சுத்தம். அவனுக்கு இதைச் சொல்லித்தரவில்லை யாரும், நாங்கள் தமிழையே வீட்டைவிட்டு அனுப்பியிருந்தோம், அது எந்த வழியாகத் திரும்பி வந்தது? பிறகுதான் தெரிந்தது, சனிக்கிழமை காலையில் அடுப்படியில் நின்று அம்மாவிடம் போன் பேசுவேன், அம்மாவோடு மட்டும் ஆங்கிலம் பேச முடியாதே, உலகத்தில் எது நடந்தாலும் அம்மா கடைசியில் தக்காளி அங்க எப்படி விக்குது என்றுதான் முடிப்பாள், நானும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தக்காளியை நறுக்கியபடி தக்காளியைப் பற்றியே பதில் சொல்வேன். என் காலடியில் டம்ளர் உருட்டிக்கொண்டிருந்தவன் அந்த ஒன்றைப் பொறுக்கி வைத்திருக்கிறான். நான் கத்தினேன். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி யாருக்கோ மாரடைப்பு என்று ஓடிவந்தாள். இவர் கையிலிருந்த பால்கேனைக் கீழே போட்டுவிட்டார், பால் ஆறாக ஓடுகிறது, அதில் நின்றுகொண்டு ஒன்றரை வருஷக் கட்டுப்பாட்டைக் காற்றில் விட்டு, "டேய்! டேய்! என்னடா சொன்ன? இன்னொருக்கா சொல்றா எஞ்சாமி!" என்று மகனின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு ஆடினார். இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ரசம், தொக்கு, சட்னி, தக்காளிச் சோறு. இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு, அங்கேயே காலேஜ், தமிழில் பத்துச் சொல் தேறுமா தெரியாது, எனக்குச் செய்தி அனுப்பினால் எழுத்தே கிடையாது, ஒரு தக்காளிப் படம், அவ்வளவுதான், இன்று காலையும் ஒன்று வந்தது. புதன்கிழமை வந்து இறங்குகிறான்.

தட்டு. சரி. அதனால்தான் நின்றேன் என்று ஹெப்சிபாவிடம் சொன்னேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, இப்போது அது அந்தச் சொட்டுப் பசை மாதிரி ஜில்லென்று இறங்குகிறது. நாங்கள் ஊர் திரும்பிய புதிதில் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் ஒரு கூடைக்கு முன்னால் நின்றேன், "என்னுங்கக்கா வேணும்?" என்றாள் கடைக்காரப் பெண், நான் விரலை நீட்டினேன், வாயைத் திறந்தேன், சொல் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுமே, அப்படித் தேடினேன், வழவழவென்று ஒரு குழி. "அந்த… செவப்பா… ரசத்துக்குப் போடுவோமில்ல" என்றேன். "தக்காளிங்களா! ஏனுங்கக்கா, பிளேன்ல போயிட்டு வந்தா தக்காளிகூடவா மறந்து போயிரும்?" அந்த வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன், பாதிச் சிரிப்பில், அவள் நிறுத்துப் போட்டுக்கொடுத்த பையைப் பிடித்திருந்த என் வலது கை என்னைக் கேட்காமல் விரிந்துகொண்டது, தக்காளியெல்லாம் மண்ணில் உருண்டது. ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் இடது பக்கம் ஒரு கட்டி. "நெல்லிக்காய் அளவுதாங்க, மெதுவா வளர்ற ஜாதி" என்றார் டாக்டர், இவர்கள் எல்லாவற்றையும் காய்கனியில்தான் அளக்கிறார்கள், பெரியப்பாவுக்கு எலுமிச்சை என்றார்கள், நல்லவேளை எனக்கு அந்த இன்னொன்றின் பேரைச் சொல்லவில்லை. பெருமை. சரி. ஆக நேற்று நான் நின்றது எதனால்? வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, அந்த இடம் காலியாக இருந்ததா, நெரிசலாக இருந்ததா? கடையும் பாலும் பாட்டியும் இவர் ஆட்டமும் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்து அதனால் ஒன்றும் வெளியே வரமுடியாமல் நின்றதா, அல்லது அங்கே யாருமே இல்லாமல் நெல்லிக்காய் மட்டும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்ததா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம். கோடு எகிறியது என்றாள், அவளே ஒன்றும் சொல்லப்பிடாது என்றும் சொன்னாள். எனக்குத் தெரிந்தாக வேண்டும். வியாழக்கிழமை டாக்டர் கம்பியை வைக்கும்போது எனக்குள் இருப்பது கூட்டம்தான் என்று தெரிந்துகொண்டு படுக்க வேண்டும். புதன்கிழமை அவன் வாசலில் வந்து நிற்கும்போது அந்தச் சொல் என் வாயில் இருக்க வேண்டும்.

ஆணி. சரி. கோபம். சரி, லேசாக இழுத்தேனோ, இல்லை, ஹெப்சிபா பேனாவை அசைக்கவில்லை. இன்னும் எத்தனை இருக்கும்? முடிகிற இடத்துக்கு வந்திருக்க வேண்டும், அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், அவளுக்குத் தெரியும் அது எங்கே இருக்கிறது என்று, உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள், என்னைவிட அவளுக்குப் படபடப்பு, அப்படியென்றால் அடுத்ததுதான், இல்லை, விளக்கு, சரி, அப்படியென்றால் இதற்கடுத்தது, செடி, காம்பு, விதை, தோல், எனக்கு யாரும் மகனில்லை, நான் கடைக்குப் போனதில்லை, பால் கொட்டவில்லை, செடி, காம்பு, திரை வெளுத்தது, ஒரு கணம் வெறும் வெள்ளை, வயித்தைக் கலக்குது அம்மா, வாய் உலர்கிறது, நாக்கு அந்தக் குழியைத் தேடப் போகிறது, போகாதே, தக்காளி. யார் சொன்னது? நான்தான், என் குரல்தான், எழுத்தைப் பார்த்தேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே வாய் சொல்லி முடித்துவிட்டது, முந்திக்கொண்டது, ளகரம் அத்தனை சுத்தம், நான் எழுத்தைப் படிக்கவே இல்லை, தள்ளுவண்டியிலிருந்து எட்டித் தொட்டேன், அவ்வளவுதான், தொட்டதும் பேர் வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் வந்தது மற்றதெல்லாம், முண்டியடித்துக்கொண்டு, கடை, விளக்கு, கோபுரம், பாட்டி, பால் ஆறு, டேய், டேய், எஞ்சாமி, உச்சந்தலையில் தொப்பிக்கு அடியில் அத்தனை பொத்தானும் ஒரேயடியாகக் குளிர்ந்தது, திரையில் அடுத்த சொல் நின்றுகொண்டிருக்கிறது, அது என்ன என்று எனக்குத் தெரியும், பார்க்கிறேன், மகிழ்ச்சி, படித்துவிட்டேன், புரிந்துவிட்டது, வாயைத் திறக்கிறேன், வரவில்லை, வாய் முழுக்கச் சிரிப்பு, சொல்லுக்கு வழியில்லை, காலியா இது, அடியம்மா, இதுவா காலி, நெரிசல், நிற்கக்கூட இடமில்லாத நெரிசல், எழுத்து மறைந்தது.

"போச்சு" என்றாள் ஹெப்சிபா. பேனாவை மேசையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் மட்டும் வெளியே தெரிந்தது, அதுவும் சிரித்தது. "எக்கா, தக்காளி உள்ள. மகிழ்ச்சி வெளிய." போகட்டும் என்றேன், அசையக்கூடாது என்பதெல்லாம் மறந்து தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், போகட்டும், அதை நான் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த இடத்தில் டாக்டர் தாராளமாக நடந்து போகட்டும். சத்தம் கேட்டுக் கதவு திறந்தது, பிளாஸ்க்கோடு என் வீட்டுக்காரர், முகம் வெளுத்து, "என்ன புள்ள, என்னாச்சு?" என்றார். "தக்காளி தங்கிருச்சுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஹெப்சிபாவைப் பார்த்தார், பிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார், உதடு அசைகிறது, ஒரு சொல்லும் வரவில்லை. "அண்ணனுக்கும் ஒரு தொப்பி மாட்டட்டாக்கா?" என்றாள் ஹெப்சிபா. வேண்டாம், அவரைப் பார், நன்றாகப் பார் என்றேன், அந்த மனுஷன் தலையில் ஒரு நெல்லிக்காயும் இல்லை.